போரின் விலையும் ஆவணப்படங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போரின் மனித விலை, சமூக விலை என்று எவற்றைக் குறிப்பிடுகிறோம்?

இறந்தோர், காயமுற்றோர் எண்ணிக்கை அந்த விலையின் ஒரு பகுதிதான். எளிதில் எண்ணக்கூடியது என்பதால் செய்திகளில் அது முன்னால் நிற்கிறது. காலை இழந்தவர் அதன் பின் வாழ்ந்தாக வேண்டிய நாற்பது ஆண்டுகள், காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்கு இறுதிச் சடங்கு செய்ய மனம் வராமலும் காத்திருக்க வலு இல்லாமலும் தவிக்கும் தாய், பள்ளியையே பாராமல் வளர்ந்துவிட்ட ஒரு தலைமுறை, அண்டை வீட்டாரே காட்டிக்கொடுத்ததால் ஊருக்குள் விழுந்த பிளவு, வெடிக்காத குண்டுகளுக்கு அஞ்சி உழப்படாமல் கிடக்கும் நிலம் ஆகியவை எந்தப் பட்டியலிலும் முழுமையாக இடம்பெறுவதில்லை.

ஆவணப்படத்துக்கான வேலை இங்கேதான் இருக்கிறது. செய்தியாளர் குண்டு விழுந்த அன்று வருகிறார். அடுத்த வாரம் வேறொரு நகரத்துக்குப் போக வேண்டிய கட்டாயம் அவருக்கு உண்டு. ஆவணப்பட இயக்குநர் தங்கலாம், திரும்பி வரலாம், பத்து ஆண்டு கழித்தும் அதே வீட்டுக் கதவைத் தட்டலாம். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகும் ஒரு படம் எவ்வளவு காலம் அந்த மனிதர்களோடு இருக்கிறது என்பதை வைத்தே அதன் தரத்தை நான் மதிப்பிடுகிறேன். கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் அந்த அளவுகோலைக் கொண்டு எழுதப்பட்டவை.

போரைக் காட்டும் ஆவணப்படங்கள் எப்போது தொடங்கின? அவை உண்மையைத்தான் காட்டினவா?

முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசின் ஒப்புதலோடு எடுக்கப்பட்டு 1916 ஆகஸ்டில் வெளியான 'தி பேட்டில் ஆஃப் தி சொம்' முழுநீளப் போர் ஆவணப்படங்களுக்கு முன்னோடி. பிரான்ஸில் நடந்த சொம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களுள் 19,240 பேர் இறந்தார்கள். அந்தப் போர் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே படம் திரைக்கு வந்தது. முதல் ஆறு வாரங்களில் சுமார் 2 கோடி நுழைவுச்சீட்டுகள் விற்றதாக மதிப்பிடப்படுகிறது. தங்கள் வீட்டுப் பிள்ளையின் முகம் ஏதாவது ஒரு காட்சியில் தென்படுமா என்று தேடியே பலர் அரங்குக்குப் போனார்கள்.

அந்தப் படத்தில் மிகவும் புகழ்பெற்ற காட்சி, வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து மேலேறிப் பாயும் காட்சி. அது போர்முனைக்குப் பின்னால் இருந்த ஒரு பயிற்சி இடத்தில் நடித்து எடுக்கப்பட்டது என்பது பின்னர் ஆய்வாளர்களால் நிறுவப்பட்டது. ஆனால் காயம்பட்டவர்களைத் தூக்கிவரும் காட்சிகளும், களைத்துப்போய் கேமராவைப் பார்த்தபடி கடந்து செல்லும் முகங்களும் உண்மையானவை. தாக்குதலைக் காட்டும் காட்சி பொய்யாகவும் அதன் விளைவைக் காட்டும் காட்சி மெய்யாகவும் அமைந்ததற்குக் காரணம் இருக்கிறது. சண்டை நடக்கும் கணத்தை அன்றைய கனத்த கேமராவால் நெருங்க முடியவில்லை. அதன் விளைவு கேமராவைத் தேடித் தானே நடந்து வந்தது. ஒரு நூற்றாண்டு கழித்தும் போர் ஆவணப்படங்களில் பெரும்பாலும் இதே நிலைதான்.

சிப்பாய்களின் மனக்காயத்தை ஆவணப்படங்கள் எப்படிக் காட்டின?

இக்கேள்விக்கு ஜான் ஹியூஸ்டன் அமெரிக்கத் தரைப்படைக்காக எடுத்த 'லெட் தேர் பி லைட்' படத்தை விட்டுவிட்டு விடை சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த மேசன் பொது மருத்துவமனையில் மனநல சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்ட வீரர்களோடு கேமரா இருந்தது. போரில் பாதிக்கப்பட்ட அமெரிக்க வீரர்களுள் சுமார் 20 விழுக்காட்டினர் மனநலம், நரம்பு சார்ந்த பாதிப்புக்கு ஆளானவர்கள் என்று படத்தின் தொடக்கத்திலேயே சொல்லப்படுகிறது. உடலில் காயம் ஏதுமின்றி நடக்க முடியாமல் போனவர், பேச முயன்றால் திக்கித் திணறுபவர், தன் தோழர்களுள் தான் மட்டும் எஞ்சியதைச் சொல்லத் தொடங்கி முடிக்க முடியாமல் அழுபவர் ஆகியோரை ஒருவர் பின் ஒருவராக நாம் சந்திக்கிறோம். ஹிப்னாடிசமும் மருந்தூசியும் செலுத்தி, அவர்களுடைய நினைவைத் திறக்க மருத்துவர்கள் முயல்கிறார்கள்.

1946இல் முதல் பொதுத் திரையிடலுக்கு முன்பே தரைப்படை படத்தை நிறுத்திவிட்டது. 1980இன் இறுதியில்தான் தடை நீங்கியது. வீரர்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்காகவே நிறுத்தினோம் என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். வெற்றி பெற்ற படையின் வீரன் உடைந்து அழுவதை மக்கள் பார்க்கக் கூடாது என்பதே உண்மையான காரணம் என்று ஹியூஸ்டன் கருதினார். என்னைப் பொறுத்தவரை இரண்டும் எடைபோடத் தக்கவை. அழும் மனிதனின் முகம் என்றென்றைக்கும் திரையில் நிற்கப்போகிறது என்ற நிலையில், அவனுடைய சம்மதம் எந்த மனநிலையில் பெறப்பட்டது என்று கேட்பது நியாயமே. அதே வேளையில், ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தப் படம் பெட்டிக்குள் கிடந்த காலத்தில் கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் இளைஞர்கள் அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பிவந்தவர்களின் மனைவியரும் பெற்றோரும், தங்கள் வீட்டில் நடப்பது இதற்கு முன் எத்தனையோ வீடுகளில் நடந்ததுதான் என்பதை அறியும் வாய்ப்பை இழந்தார்கள்.

இப்படத்தின் குறையையும் சொல்ல வேண்டும். சிகிச்சை சில வாரங்களில் பலித்துவிடுவது போலவும், வீரர்கள் சிரித்த முகத்தோடு பேருந்தில் ஏறி வீடு திரும்புவது போலவும் அது முடிகிறது. அந்தப் பேருந்து போய்ச் சேர்ந்த வீடுகளுக்குள் படம் நுழையவில்லை.

பிணங்களையும் காயங்களையும் நேரடியாகக் காட்டுவது அவசியமா?

இதில் ஆவணப்பட இயக்குநர்கள் ஒத்த கருத்துடையவர்கள் அல்லர். அவர்களுக்கிடையே உள்ள வேறுபாடு ஆழமானது.

அலன் ரெனேயின் 'நைட் அண்ட் ஃபாக்' 1955இல், நாஜி வதை முகாம்கள் விடுவிக்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் கழித்து எடுக்கப்பட்டது. 32 நிமிடமே ஓடும் அப்படம், புல் முளைத்துக் கிடக்கும் முகாமை வண்ணத்திலும், அங்கு நடந்தவற்றின் பழைய காட்சிகளைக் கறுப்பு வெள்ளையிலும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. பிணக்குவியல்களை அது மறைக்கவில்லை. ஆனால் முகாமிலிருந்து உயிர் தப்பிய கவிஞர் ஜான் கெய்ரோல் எழுதிய உரை அமைதியான குரலில் ஒலிக்கிறது. ஹான்ஸ் ஐஸ்லரின் இசை, கண்ணீரை வரவழைக்கும் இசையாக இல்லாமல் விலகி நிற்கிறது. காட்சியின் கொடூரம் ஏற ஏற, குரலும் இசையும் தணிந்துகொண்டே போவதால் பார்ப்பவர் பதறி முகம் திருப்பாமல் பார்க்க முடிகிறது.

குளோட் லான்ஸ்மன் இதற்கு நேர்மாறான முடிவை எடுத்தார். யூத இனப்படுகொலையைப் பற்றிப் பதினோரு ஆண்டு உழைப்புக்குப் பின் 1985இல் வெளியான 'ஷோவா' ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. அதில் ஒரு பழைய காட்சித்துண்டுகூட இல்லை. உயிர் தப்பியவர்கள், அருகில் வாழ்ந்த கிராமத்தார், குற்றம் இழைத்தவர்கள் ஆகியோரின் பேச்சும், இப்போது மரங்கள் நிற்கும் அந்த இடங்களும் மட்டுமே இருக்கின்றன. நச்சுவாயு அறைக்குள் நடந்ததைக் காட்டும் படம் எதுவும் கிடையாது. கிடைத்திருக்கும் படங்களைக் கொண்டு அந்த வெற்றிடத்தை நிரப்புவது பொய்யாகும் என்பது அவர் நிலைப்பாடு.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹருன் ஃபரோக்கி, நேபாம் என்ற எரிகுண்டைப் பற்றி 1969இல் எடுத்த குறும்படத்தில் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். எரிந்த உடல்களைக் காட்டினால் நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள், பிறகு அந்த நினைவையும் அதன் பின் உண்மைகளையும் பார்க்க மறுத்துவிடுவீர்கள் என்று அவர் பார்வையாளரிடம் சொல்கிறார். சொல்லிவிட்டு, எரியும் சிகரெட்டைத் தன் முன்கையிலேயே அழுத்துகிறார். சிகரெட் ஏறக்குறைய 400 டிகிரியில் எரிகிறது, நேபாம் 3,000 டிகிரியில் எரிகிறது என்று ஒரு குரல் தகவலாகச் சொல்கிறது. அதற்குப் பிறகு படம், அந்த வேதிப்பொருளைத் தயாரிக்கும் தொழிலில் வேலை பிரித்துக் கொடுக்கப்படுவதால் தாம் செய்வது இன்னதென்று யாருக்கும் உறைக்காமல் போவது எப்படி என்பதை நோக்கித் திரும்புகிறது. போரின் விலையைக் கொடுப்பவரைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், அதைச் சாத்தியமாக்கும் சாதாரண அலுவலக நாளையும் கணக்கில் கொண்டுவந்த படம் என்ற வகையில் இதை மிக உயர்வாக மதிக்கிறேன்.

எது சரி என்று பொதுவிதி வகுக்க முடியாது. காட்டப்படும் உடலுக்கு ஒரு பெயரும் வாழ்க்கையும் இருந்ததைப் படம் நமக்கு உணர்த்துகிறதா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். தொலைதூரத்து மக்கள் பிணங்களாக மட்டுமே திரையில் தோன்றி, சொந்த நாட்டு வீரர்களின் உடல்கள் துணியால் போர்த்தப்பட்டே காட்டப்படும் படம், எவருடைய உயிருக்கு மதிப்பு அதிகம் என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

நடந்ததற்கு ஒளிப்பதிவே இல்லையென்றால் ஆவணப்படம் எடுக்க முடியுமா?

முடியும். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த, கெமர் ரூஜ் என்ற தீவிரப் பொதுவுடைமை இயக்கத்தின் ஆட்சியில் தம் குடும்பத்தை இழந்த ரித்தி பான், 2013இல் எடுத்த படத்தில் களிமண் பொம்மைகளைக் கொண்டு தம் சிறுவயதைத் திரும்ப அமைத்தார். அசையாத அந்தப் பொம்மைகளோடு, ஆட்சியாளர்கள் எடுத்த பிரச்சாரப் படத்துண்டுகள் இணைக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு முன்பு, 2003இல் வெளியான எஸ்-21 சிறையைப் பற்றிய படத்தில், முன்னாள் காவலர்களை அதே கட்டடத்துக்கு அழைத்து வந்தார். காலியான அறையில் ஒரு காவலர், இல்லாத கைதிகளை அதட்டுவதையும் கதவைப் பூட்டுவதையும் தினசரி வேலையாக நடித்துக் காட்டும்போது, வாய் சொல்ல மறந்ததை உடல் நினைவில் வைத்திருப்பது தெரிகிறது.

ஆரி ஃபோல்மன் 1982 லெபனான் போரில் இஸ்ரேலியச் சிப்பாயாக இருந்தவர். அந்த நாள்களின் நினைவு தமக்கு ஏன் இல்லாமல் போயிற்று என்று தேடும் அவருடைய 'வால்ட்ஸ் வித் பஷீர்' அனிமேஷன் முறையில் அமைந்தது. கடைசி நிமிடங்களில் மட்டும் ஓவியம் நின்று, சப்ரா, ஷதிலா பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலையின் உண்மைக் காட்சி வருகிறது. அதுவரை பார்த்தது ஒருவருடைய மனக்கலக்கம்; இது மற்றவர்களின் மரணம் என்ற வேறுபாட்டை அந்த மாற்றம் நமக்கு உணர்த்துகிறது.

பேச விரும்பாதவரைப் பேச வைப்பது நியாயமா?

'ஷோவா'வில் வரும் ஒரு காட்சி இந்த விவாதத்தில் எப்போதும் எடுத்துக்காட்டப்படுகிறது. டிரெப்லிங்கா முகாமில், சாகப்போகும் பெண்களின் முடியை வெட்டும்படி கட்டாயப்படுத்தப்பட்ட ஆபிரகாம் பாம்பாவை, இஸ்ரேலில் வாடகைக்கு எடுத்த ஒரு முடிதிருத்தும் கடையில் நிறுத்தி, கையில் கத்தரியோடு லான்ஸ்மன் பேச வைக்கிறார். தம்மோடு வேலை செய்தவர் ஒருவர் தம் சொந்த மனைவியையும் சகோதரியையும் அந்த அறையில் கண்டதைச் சொல்லும் இடத்தில் அவர் குரல் அடைத்து நின்றுவிடுகிறது. வேண்டாம் என்கிறார். சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறார் இயக்குநர். நீண்ட மௌனத்துக்குப் பின் அவர் தொடர்கிறார்.

அந்தச் சாட்சியம் வரலாற்றுக்குத் தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை ஒரு முன்மாதிரியாகப் பின்பற்றக் கூடாது என்றே கருதுகிறேன். அந்த இருவருக்கும் இடையே முன்பே பேச்சும் நம்பிக்கையும் இருந்தன. ஒரு மணி நேரம் வந்துபோகும் படக்குழு அதே அழுத்தத்தைக் கொடுத்தால், பழைய காயத்தைக் கிளறிவிட்டு ஆற்றாமல் போவதாக முடியும். இன்று பொறுப்புள்ள இயக்குநர்கள், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். வெளியிடும் முன் தொகுத்த காட்சியை அவரிடமே காட்டி மீண்டும் சம்மதம் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

பெண்கள் சுமக்கும் விலை ஆவணப்படங்களில் இடம்பெறுகிறதா?

மிகத் தாமதமாகவே இடம்பெறத் தொடங்கியது. போஸ்னியப் போரின்போது 1992இல் ஓமர்ஸ்கா முகாமில் அடைக்கப்பட்டுப் பாலியல் வதைக்கு ஆளான இரு பெண்களைப் பற்றி 1996இல் வெளியான 'காலிங் தி கோஸ்ட்ஸ்', அவர்கள் சட்டத்துறையில் பணியாற்றியவர்கள் என்பதை மறக்கவில்லை. நடந்தவற்றைச் சொல்பவர்களாக மட்டுமல்லாமல், மற்றப் பெண்களின் சாட்சியங்களைத் திரட்டி நீதி கேட்பவர்களாகவும் அவர்களைக் காட்டியது. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம், போஸ்னியாவின் ஃபோச்சா நகர வழக்கில் பாலியல் வன்முறையையும் பாலியல் அடிமைத்தனத்தையும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாகக் கொண்டு தீர்ப்பளித்தது 2001இல்தான்.

லைபீரிய உள்நாட்டுப் போரை முடிக்கப் பெண்கள் திரண்டதைச் சொல்லும் 'பிரே தி டெவில் பேக் டு ஹெல்' 2008இல் வெளியானது. கிறித்தவப் பெண்களும் இஸ்லாமியப் பெண்களும் வெள்ளை உடையில் தலைநகர் மன்ரோவியாவின் மீன்சந்தை அருகே நாள்தோறும் அமர்ந்தார்கள். 2003இல் கானாவில் பேச்சுவார்த்தை இழுபட்டபோது, கைகோத்து மண்டபத்தின் வாயிலை அடைத்து, உடன்பாடு வராமல் யாரும் வெளியேறக் கூடாது என்றார்கள். கைது செய்ய வந்தவர்களிடம், அங்கேயே தம் ஆடையைக் களைவேன் என்று அப்பெண்களின் தலைவி லேமா போவீ எச்சரித்தார். தாயின் வயதுடைய பெண் அவ்வாறு செய்வது பார்ப்பவருக்குச் சாபம் என்பது அங்குள்ள நம்பிக்கை. அவருக்கு 2011இல் அமைதிக்கான நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது. இந்தப் படத்தை எடுத்தவர்களுக்குப் பெரிய தடையாக இருந்தது, துப்பாக்கி ஏந்திய சிறுவர்களின் காட்சிகள் ஏராளமாகக் கிடைத்த இடத்தில் இந்தப் பெண்களின் போராட்டத்துக்கான ஒளிப்பதிவு மிக அரிதாக இருந்ததுதான். அன்று அங்கிருந்த கேமராக்கள் எவற்றைப் படமெடுக்கத் தக்கவை என்று நினைத்தன என்பது இதிலிருந்து தெளிவாகும்.

போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் தொடரும் பாதிப்பைக் காட்டும் படங்கள் உள்ளனவா?

உள்ளன, ஆனால் போதுமான அளவில் இல்லை. 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டு வீசியது. கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சிறுகுண்டுகள் சுமார் 27 கோடி. அவற்றுள் 30 விழுக்காடு வரை வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டதாகக் கணக்கிடப்படுகிறது. 2007இல் வெளியான 'பாம் ஹார்வெஸ்ட்' என்ற ஆஸ்திரேலியப் படம், அக்குண்டுகளை அகற்றக் கற்றுக்கொள்ளும் லாவோஸ் இளைஞர்களையும், பழைய இரும்பு விற்றுக் காசு பார்ப்பதற்காக அதே காடுகளில் உலோகம் தேடும் சிறுவர்களையும் பின்தொடர்கிறது. அந்தச் சிறுவர்களின் பெற்றோரே போர் நடந்தபோது குழந்தைகளாக இருந்திருப்பார்கள்.

வெர்னர் ஹெர்சாக் 1992இல் வெளியிட்ட 'லெசன்ஸ் ஆஃப் டார்க்னஸ்', 1991 வளைகுடாப் போரில் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்த குவைத்தை, பேரிசையின் பின்னணியில் வானிலிருந்து காட்டுகிறது. அழிவை அழகுபடுத்துகிறார் என்று பெர்லின் விழாவில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. போரின் காரணத்தையோ அதை நடத்தியவர்களையோ படம் தொடுவதே இல்லை. இருந்தும் அதில் ஒரு தாய், தன் சிறுபிள்ளை இனிப் பேசக் கற்றுக்கொள்ளவே விரும்பவில்லை என்று சொன்னதாகச் சொல்லும் இடத்தில் நெருப்பும் இசையும் பின்வாங்கிவிடுகின்றன.

படையோடு சேர்ந்து சென்று எடுக்கும் படம் நடுநிலையாக இருக்க முடியுமா?

பார்க்க முடிந்த அளவுக்கே அது சொல்லும். டிம் ஹெதரிங்டனும் செபாஸ்டியன் யுங்கரும் 2007-08இல் ஆப்கானிஸ்தானின் கோரங்கல் பள்ளத்தாக்கில் ஓர் அமெரிக்கப் படைப்பிரிவோடு தங்கி எடுத்த 'ரெஸ்ட்ரெப்போ' (2010), தளபதிகளின் விளக்கமோ அரசியல் உரையோ இல்லாமல் அந்த இளைஞர்களின் பயத்தையும் சலிப்பையும் தோழமையையும் காட்டுகிறது. ஆப்கானியர்கள் பெரும்பாலும் எதிரே அமர்ந்திருக்கும் முதியவர்களாக மட்டுமே வருகிறார்கள். ஆயினும், முள்கம்பியில் சிக்கிய ஒரு பசுவைச் சிப்பாய்கள் கொன்றுவிட்டதற்கு ஊர்ப் பெரியவர்கள் இழப்பீடு கேட்டு வருவதும், பணம் தர முடியாது, பசுவின் எடைக்கு அரிசியும் பருப்பும் தருகிறோம் என்று பதில் வருவதும் படத்தில் இருக்கின்றன. அந்தச் சில நிமிடங்களில், ஓர் ஏழைக் குடும்பத்தின் இழப்பைத் தொலைதூரத்து அதிகாரம் எப்படி அளக்கிறது என்பது பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. அதே பள்ளத்தாக்கை அமெரிக்கப் படை 2010இல் கைவிட்டு வெளியேறியது.

போரை முடிவுசெய்தவர்களையும் இப்படங்கள் விசாரிக்கின்றனவா?

விசாரித்தால்தான் விலை பற்றிய பேச்சு முழுமையடையும். எரால் மோரிஸின் 'தி ஃபாக் ஆஃப் வார்' (2003), வியட்நாம் போரின் பெரும்பகுதியில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலராக இருந்த ராபர்ட் மெக்நமாராவை நேருக்கு நேர் அமர்த்துகிறது. 1945 மார்ச்சில் அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் ஒரே இரவில் டோக்கியோவில் சுமார் ஒரு லட்சம் பேர் எரிந்து இறந்ததைப் பற்றிப் பேசும்போது, தோற்றிருந்தால் நாங்கள் போர்க் குற்றவாளிகளாக விசாரிக்கப்பட்டிருப்போம் என்ற கருத்தை அவர் ஏற்கிறார். எரிக்கப்பட்ட ஜப்பானிய நகரங்களின் அழிவு விழுக்காட்டை, அதே அளவுள்ள அமெரிக்க நகரங்களின் பெயர்களோடு சேர்த்துத் திரையில் வேகமாக ஓடவிடுகிறது படம். டோயாமா 99 விழுக்காடு அழிந்தது என்பதோடு அதற்கு இணையான சட்டனூகாவின் பெயரும் வரும்போது, அமெரிக்கப் பார்வையாளர் தம் ஊர் எரிந்ததாக எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வியட்நாம் போரைப் பற்றிய 'ஹார்ட்ஸ் அண்ட் மைண்ட்ஸ்' (1974) இன்னும் கடுமையானது. கீழைத்தேயத்தவர் உயிருக்கு மேற்கத்தியர் அளவுக்கு மதிப்புக் கொடுப்பதில்லை என்று அமெரிக்கத் தளபதி வெஸ்ட்மோர்லண்ட் சொல்வதை, இறந்தவரின் படத்தைப் பிடித்துக்கொண்டு கதறும் சிறுவனும், குழிக்குள் இறங்க முயலும் பெண்ணும் உள்ள அடக்கக் காட்சிக்கு அருகில் வைத்தார் இயக்குநர் பீட்டர் டேவிஸ். படத்தொகுப்பின் மூலம் பார்வையாளரைத் திசைதிருப்புகிறார் என்று அவரைச் சாடினார்கள். அந்த இரு காட்சிகளும் உண்மை; அவற்றை அருகருகே வைத்ததும் ஒரு வாதம்தான், அதை அவர் ஒளிவுமறைவின்றி முன்வைத்தார் என்றே நான் கொள்கிறேன்.

செல்பேசி ஒளிப்பதிவுகள் வந்தபின் என்ன மாறியிருக்கிறது?

பாதிக்கப்பட்டவர்களே படமெடுப்பவர்களாக ஆகியிருக்கிறார்கள். சிரியாவில் முற்றுகையிடப்பட்ட அலெப்போ நகரில் வாத் அல் கதீப் தம் குழந்தைக்குச் சொல்லும் மடலாக அமைத்த 'ஃபார் சாமா' (2019), வெளியிலிருந்து வரும் எந்தப் படக்குழுவாலும் எடுக்க இயலாதது. தாயாகவும், மருத்துவர் ஒருவரின் மனைவியாகவும், ஊரைவிட்டுப் போகலாமா என்று ஒவ்வொரு நாளும் தம்மையே கேட்டுக்கொள்பவராகவும் அவர் கேமராவைப் பிடித்திருந்தார்.

குற்றம் செய்பவர்களும் படமெடுக்கிறார்கள். 2009இல் முடிந்த இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிக் கேலம் மெக்ரே எடுத்த 'நோ ஃபயர் ஸோன்' (2013), ஷெல் வீச்சுக்கு நடுவே சிக்கிய மக்கள் எடுத்த காட்சிகளோடு, வென்ற தரப்பின் சிப்பாய்கள் வெற்றிச் சின்னமாகத் தங்கள் செல்பேசிகளில் எடுத்துவைத்த காட்சிகளையும் பயன்படுத்தியது. பெருமைக்காக எடுக்கப்பட்ட படத்தைச் சாட்சியமாக மாற்றும்போது, அதில் அவமதிக்கப்பட்டுக் கிடக்கும் மனிதரை மீண்டும் ஒருமுறை அவமதிக்காமல் காட்டுவது எப்படி என்ற கேள்வி ஒவ்வொரு காட்சியிலும் எழுகிறது. இதற்கு எளிய விடை கிடையாது. அவர்களுடைய உறவினர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைப் படத்தொகுப்பாளர் ஒரு கணமும் மறவாதிருக்க வேண்டும்.

ஆவணப்படக் காட்சிகள் நீதிமன்றத்தில் சான்றாகுமா?

ஆகியிருக்கின்றன. நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணையில் 1945 நவம்பர் 29 அன்று வதை முகாம்களின் படம் திரையிடப்பட்டது. அதே ஆண்டில் பிரிட்டனில் சிட்னி பெர்ன்ஸ்டைன் தலைமையில் தொடங்கிய மற்றொரு முகாம் படத்துக்கு ஆலோசனை சொன்ன ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக், வெட்டு இல்லாத நீண்ட காட்சிகளையே பயன்படுத்தும்படி வலியுறுத்தினார். பிணக்குழியும் அதன் அருகே நிறுத்தப்பட்ட உள்ளூர்ப் பிரமுகர்களும் ஒரே காட்சியில் தெரிந்தால், இது ஒட்டிச் சேர்த்தது என்று எவரும் மறுக்க முடியாது. அப்படம் கிடப்பில் போடப்பட்டு, 2014இல்தான் முழுமை பெற்றது. போஸ்னியப் போரில் ஸ்ரெப்ரெனிட்சாவில் பிடிபட்டவர்களுள் ஆறு பேரைச் சுட்டுக்கொல்வதைக் கொலையாளிகளே எடுத்த காணொலி, 2005 ஜூனில் ஹேக்கில் முன்னாள் செர்பிய அதிபர் மிலோஷெவிச் மீதான விசாரணையின்போது காட்டப்பட்டது. அதில் தெரிந்தவர்களுள் சிலர் பின்னர் செர்பியாவிலேயே தண்டிக்கப்பட்டார்கள்.

இப்படங்களை அரசுகள் ஏன் தடுக்கின்றன?

பெரும்பாலும், நாடு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையைக் காப்பதற்காக. 'நைட் அண்ட் ஃபாக்'கில் ஒரு முகாமைக் காவல் காத்த பிரெஞ்சுக் காவலரின் தொப்பி தெரிந்த ஒரே காரணத்துக்காக, அதை மறைக்கும்படி தணிக்கையினர் வற்புறுத்தினார்கள். நாஜி ஆக்கிரமிப்பின்போது பிரெஞ்சு மக்களுள் பலர் ஒத்துழைத்ததைக் கிளேர்மோன் ஃபெரான் நகரை முன்வைத்துச் சொன்ன மார்செல் ஓஃபுல்ஸின் நான்கு மணி நேரப் படம் 1969இல் முடிந்தும், பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் 1981இல்தான் காட்டப்பட்டது. இந்தியா, பாகிஸ்தான் அணுகுண்டுச் சோதனைகளைத் தொடர்ந்து ஆனந்த் பட்வர்தன் எடுத்த 'வார் அண்ட் பீஸ்' (2002), நீதிமன்றம் வரை சென்றே வெட்டின்றித் திரைக்கு வந்தது.

படமெடுப்பவர்களுக்கு நேரும் இழப்பு?

'ரெஸ்ட்ரெப்போ'வை எடுத்த ஹெதரிங்டன் 2011 ஏப்ரலில் லிபியாவின் மிஸ்ராத்தாவில் கொல்லப்பட்டார். லிதுவேனிய இயக்குநர் மன்டாஸ் குவேதராவிச்சியஸ் 2022இல் உக்ரைனின் மரியுபோலில் கொல்லப்பட்டார். அவர் எடுத்தவற்றை அவருடைய துணைவி ஹன்னா பிலோப்ரோவா வெளியே கொண்டுவந்து படமாக்கினார். உள்ளூர் வழிகாட்டிகளும் மொழிபெயர்ப்பாளர்களும் படக்குழு ஊர் திரும்பிய பிறகும் அங்கேயே வாழ வேண்டியவர்கள். அவர்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் பதிவாவதே இல்லை.

இத்தகைய படங்கள் போரை நிறுத்துமா?

ஒரு படம் ஒரு போரை நிறுத்தியதாக என்னால் சொல்ல முடியாது. '20 டேஸ் இன் மரியுபோல்' (2023) படத்துக்காக 2024இல் ஆஸ்கர் பெற்ற மிஸ்திஸ்லாவ் செர்னோவ், இந்தப் படத்தை எடுக்க நேராமலே போயிருக்கலாம் என்று விருது மேடையிலேயே சொன்னார். 2022 மார்ச் 9 அன்று மகப்பேறு மருத்துவமனை மீது குண்டு விழுந்ததை அவருடைய குழு பதிவு செய்தது. அந்தக் காட்சிகளை அனுப்ப இணைய இணைப்புத் தேடி நகரெங்கும் அலைந்ததும், அவை நாடகம் என்று ரஷ்ய அதிகாரிகள் மறுத்ததும் படத்திலேயே உள்ளன. போர் அதன் பிறகும் நடந்தது. ஆனால் அந்த மருத்துவமனையில் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோவது முடியாமல் ஆகிவிட்டது. இறந்தவர்களின் குடும்பத்தாருக்கு அது சிறிய விஷயமல்ல.

வகுப்பிலோ குழுவாகவோ திரையிட விரும்புவோர் எதைக் கவனிக்க வேண்டும்?

கொடூரக் காட்சிகளை மட்டும் துண்டு துண்டாக எடுத்துக் காட்ட வேண்டாம். படத்தின் மற்றப் பகுதிகள் அந்த மனிதர்களுக்குக் கொடுத்திருக்கும் பெயரையும் வாழ்க்கையையும் அது பறித்துவிடும். என்ன வரப்போகிறது என்பதை முன்பே சொல்லுங்கள். பார்ப்பவர்களுள் போரிலிருந்து தப்பி வந்தவர்களோ அவர்களுடைய பிள்ளைகளோ இருக்கலாம் என்பதால், எழுந்து வெளியே செல்பவரைக் காரணம் கேட்க வேண்டாம். காட்சிகளை யார் எடுத்தார்கள், எந்தத் தரப்பிலிருந்து எடுத்தார்கள், பழைய காட்சிகளுக்குப் புதிதாக வண்ணமோ ஒலியோ சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பவற்றை முன்கூட்டியே தேடி வைத்திருப்பது நல்லது. இளையோருக்குக் காட்டுவதாயின் நீளமான படத்தைப் பாதியில் நிறுத்துவதைவிட, அவர்களுடைய வயதுக்கு ஏற்ற குறும்படம் ஒன்றை முழுமையாகக் காட்டி, குறைந்தது அதே அளவு நேரத்தைப் பேசுவதற்கு ஒதுக்குங்கள். முதலில் அவர்களைப் பேச விடுங்கள். படத்தில் வந்தவர்களுக்கு அதன் பிறகு என்ன ஆயிற்று என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள்; அதற்கான விடையைத் தேடி வைத்துக்கொண்டு திரையிடலைத் தொடங்குங்கள்.